இன்வாய்ஸ் மெயில் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்துச் சிறு தொழில்கள் கணினிக்கு மாறுவதைப் பற்றி உங்கள் தொழில் பக்கத்தில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை பம்ப் கம்பெனி, கரூர் வீட்டு ஜவுளி, சென்னிமலை பெட்ஷீட் என்று எல்லோரும் ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள்) போடுகிறார்கள், டேலியைப் புதுப்பிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த மென்பொருளுக்குள் இருந்து வெளியே போகிற மெயிலைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அவிநாசியில் இருந்துகொண்டு இந்த வட்டாரக் கம்பெனிகளுக்கு இந்த மாதிரி மென்பொருளை நிறுவிக்கொடுப்பது என் தொழில். புதிதாக ஒரு கம்பெனிக்குப் போனால் கணக்கு, ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், மெயில் மட்டும் யாருக்கும் தெரியாமல் நின்றுபோயிருக்கும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பனியன் கம்பெனியில் ஒரே ஒரு ஆர்டர் ஓடும்போது எத்தனை மெயில் போகிறது என்று பாருங்கள். நூல் மில்லுக்குப் பர்சேஸ் ஆர்டர், நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் ஜாப் ஒர்க் ஆர்டர், சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் புரொஃபார்மா இன்வாய்ஸ், அப்புறம் பேக்கிங் லிஸ்ட், கமர்ஷியல் இன்வாய்ஸ், கடைசியில் வரவேண்டிய பணத்துக்கு நினைவூட்டல். முன்பெல்லாம் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒவ்வொன்றையும் தன் மெயிலில் இருந்து தானே அனுப்புவார், போகவில்லை என்றால் அவருக்கே திரும்பி வந்து தெரிந்துவிடும். இப்போது பட்டனை அழுத்தினால் மென்பொருளே பிடிஎஃப் எடுத்து, மெயில் எழுதி, அனுப்பியும் விடுகிறது, திரையில் அனுப்பியாயிற்று என்று பச்சையாகக் காட்டுகிறது. அது காட்டுவது, வெளியே அனுப்புகிற சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்பதை மட்டும்தான். பையரின் இன்பாக்ஸில் விழுந்ததா, ஸ்பாமில் விழுந்ததா, போகிற வழியிலேயே மறுத்துவிட்டார்களா என்பதெல்லாம் அந்தப் பச்சையில் கிடையாது. மறுத்துத் திருப்பி அனுப்பிய தகவலும் பெரும்பாலும் யாரும் திறந்து பார்க்காத ஒரு முகவரிக்கு வந்து குவிந்து கிடக்கும்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி, பெயர் வேண்டாம். கோடைக்கு முன்னால் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். மாதக் கடைசி இரவில் எல்லா டீலர்களுக்கும் லெட்ஜர் ஸ்டேட்மென்ட் தானாகப் போகும்படி வைத்திருந்தார்கள். எந்த முகவரியில் இருந்து என்று பார்த்தால், அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்த ஒரு தம்பியின் சொந்த ஜிமெயில். சொந்த ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, தாண்டினால் அந்தக் கணக்கில் இருந்து வெளியே போகும் மெயிலை கூகுள் ஒரு நாள் வரைக்கும் நிறுத்தி வைத்துவிடும். ஸ்டேட்மென்ட் பாதிப் பேருக்குப் போனது, மீதி நின்றது, அதோடு மறுநாள் காலை போகவேண்டிய இன்வாய்ஸும் லாரி விவரமும் சேர்ந்து நின்றன. தாராபுரம் டீலர் போனில் கூப்பிட்டு, "ஏனுங்க, லோடு கெளம்பிருச்சுங்களா, ஒரு தகவலும் காணமுங்களே" என்று கேட்ட பிறகுதான் ஆபீஸில் விஷயமே தெரிந்தது. இதில் அந்தத் தம்பியின் தப்பு எதுவும் இல்லை. மென்பொருளை நிறுவியவர்கள் கடைசி நாள் சாயங்காலம் "ஒரு மெயில் ஐடி குடுங்க" என்று கேட்டிருக்கிறார்கள், பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

பல இடங்களில் இதேதான் நடக்கிறது. முதலாளியின் மகன், அக்கவுண்டன்ட், ஒரு மேனேஜர், யாராவது ஒருவருடைய ஜிமெயிலுக்கு ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போட்டுவிடுவார்கள். 2022 மே 30-லிருந்து தனிநபர் கணக்குகளில் சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு வெளி மென்பொருள் உள்ளே நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டது, அதனால் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, அப்புறம் 16 எழுத்துள்ள தனிப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி அதை மென்பொருளில் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் அந்த ஆள் என்றைக்காவது தன் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் அப்படியே ரத்தாகிவிடும், கம்பெனியின் இன்வாய்ஸ் நின்றுவிடும். அவர் வேலையை விட்டுப் போனால் கம்பெனியின் கடிதப் போக்குவரத்து முழுக்க அவருடைய சென்ட் பாக்ஸில் அவரோடு போகும், பையர் போடும் பதிலும் அவருக்குத்தான் போகும். ஒரு கம்பெனி தன் விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் இப்படி ஒரு தனி ஆளின் பெட்டியில் வைக்கலாமா?

சரி, சொந்த ஜிமெயில் வேண்டாம், கம்பெனிப் பெயரில் டொமைன், அதாவது சொந்த வலை முகவரிப் பெயர், இருக்கிறது, அதில் இருந்தே அனுப்புவோம் என்று முடிவு செய்கிறவர்களுக்கு அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. மெயில் எப்படிப் போகிறது என்று ஓரளவு தெரிந்தால்தான் அது புரியும். மெயிலை வெளியே எடுத்துப் போகும் எஸ்எம்டிபி என்ற முறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிக் கொடுத்தார். அப்போது ஒருவரை ஒருவர் தெரிந்த சில பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும்தான் வலையில் இருந்தன, அதனால் அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. தபால் உறையின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா, அதே மாதிரி மெயிலிலும் யாருடைய முகவரியை வேண்டுமானாலும் அனுப்புநர் என்று போடலாம். இன்றைக்கும் அடிப்படை அதுதான். மோசடி பெருகியபோது அந்த ஓட்டையை அடைக்க மேலே மூன்று ஏற்பாடுகள் வந்தன, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று. மூன்றுமே டொமைனின் டிஎன்எஸ் பதிவில், அதாவது அந்தப் பெயரின் விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் வலைப் பதிவேட்டில், எழுதி வைக்கிற வரிகள்தான். எழுத ஒரு பைசா செலவில்லை.

எஸ்பிஎஃப் என்பது, எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி என்று சொல்லும் ஒரு வரி. இங்கே நான் அதிகம் பார்க்கிற கோளாறு, ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரி இருப்பது. முதலில் வெப்சைட் செய்தவர் ஒன்று போட்டிருப்பார், பிறகு ஈஆர்பி நிறுவியவர் பழையதைப் பார்க்காமல் இன்னொன்று சேர்த்திருப்பார். இரண்டு இருந்தால் வாங்கும் சர்வர் இரண்டையுமே ஏற்காது, பிழை என்று எடுத்துக்கொள்ளும், இல்லாததற்குச் சமம். ஒரே வரிக்குள் எல்லாரையும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துக்கொண்டே போனாலும் ஒரு வரம்பு இருக்கிறது, அந்த வரியைச் சரிபார்க்க 10 தடவைக்கு மேல் டிஎன்எஸ்ஸில் தேட வேண்டி வந்தால் அதுவும் பிழைதான். மெயிலுக்கு ஒரு நிறுவனம், ஈஆர்பிக்கு ஒன்று, சம்பள மென்பொருளுக்கு ஒன்று, விளம்பர மெயிலுக்கு ஒன்று என்று போனால் அந்தப் பத்து சீக்கிரம் தீர்ந்துபோகும், ஏனென்றால் அவர்கள் ஒவ்வொருவரின் வரிக்குள்ளும் இன்னும் சில வரிகள் ஒளிந்திருக்கும்.

டிகிம் வேறு வழி. அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது, அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை நாம் டிஎன்எஸ்ஸில் வைக்கிறோம். திருப்பூருக்கு இதுதான் ரொம்ப முக்கியம் என்று நான் சொல்வேன். நம் ஊரில் நிறைய ஏற்றுமதி, வெளிநாட்டுக் கம்பெனிக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் பையிங் ஹவுஸ், ஏஜென்ட் வழியாக நடக்கிறது. கம்பெனி மெயில் பையிங் ஆபீஸுக்குப் போகிறது, அங்கிருந்து தானாகவே வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. அப்படித் திருப்பிவிட்டதும் எஸ்பிஎஃப் தோற்றுவிடும், ஏனென்றால் இப்போது அனுப்புவது நம் பட்டியலில் இல்லாத பையிங் ஆபீஸ் சர்வர். டிகிம் கையெழுத்து மெயிலுக்குள்ளேயே இருப்பதால், வழியில் உள்ளடக்கத்தை யாரும் மாற்றாத வரைக்கும் அது தாங்கும். எஸ்பிஎஃப் மட்டும் போட்டுவிட்டு முடிந்தது என்று போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. இன்னொன்று, 2048 பிட் சாவி நீளமானது, டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் பிடிக்கும், அதனால் அதை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். சில பழைய ஹோஸ்டிங் பேனல்களில் ஒட்டும்போது பாதி வெட்டுப்பட்டுவிடும். பார்ப்பதற்குச் சாவி இருக்கும், சரிபார்ப்பு மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

டிமார்க் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. மெயிலைத் திறந்தவர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறிய டொமைனும் ஒன்றா என்று கேட்கிறது, ஒத்துவராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. சும்மா கவனி, ஸ்பாமில் போடு, மறுத்துவிடு என்று மூன்று நிலை. இங்கேதான் அந்த அரைகுறை ஏற்பாடுகள் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன. அனுப்புநர் இடத்தில் கம்பெனி டொமைனைப் போட்டுவிட்டு, மெயிலை மட்டும் வேறு ஒரு சேவையின் வழியாக அனுப்பினால், அந்தச் சேவை தன் சொந்த டொமைனில் கையெழுத்துப் போட்டிருக்கும், அது நமக்குக் கணக்கில் வராது.

இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். 2024 பிப்ரவரியில் இருந்து கூகுளும் யாகூவும் விதியை இறுக்கிவிட்டன. ஒரு நாளைக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், ஆனால் ஒரு மெயில் அனுப்புகிறவருக்குக்கூட எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு அதிகம் அனுப்புகிறவர்களிடம் அதையே கேட்க ஆரம்பித்தது. நம் டீலர்களிலும் ஜாப் ஒர்க்காரர்களிலும் பெரும்பாலோர் ஜிமெயிலில்தான் இருக்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த மெயில் இப்போது ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு, பல நேரம் பதில் இதில்தான் இருக்கிறது.

அனுப்பும் சர்வரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு சின்னத் தொகைக்கு வாங்கிய வெப் ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மெயிலைத்தான் பலரும் ஈஆர்பியிலும் கொடுக்கிறார்கள். அந்த சர்வரின் ஒரே ஐபி முகவரியில் (வலையில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். அதில் ஒருவருடைய தளத்தை யாரோ உடைத்து ஸ்பாம் அனுப்பினால் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும், நம் இன்வாய்ஸும் சேர்ந்து மாட்டும். இதற்குப் பயந்து ஆபீஸிலேயே சொந்தமாக மெயில் சர்வர் வைக்கலாம் என்று சில மில்களில் யோசிக்கிறார்கள். வேண்டாமுங்க. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் மெயில் போகும் வாசலான 25-ஆம் போர்ட்டை அடைத்திருப்பார்கள், மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரிகளில் இருந்து நேரடியாக மெயில் வந்தால் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் தடைப் பட்டியலைப் பார்த்தே மறுத்துவிடுவார்கள், ஐபியில் இருந்து பெயரைக் காட்டும் தலைகீழ் பதிவை இணைப்புக் கொடுத்தவர்தான் போட்டுத் தர முடியும். கிளவுடில் சர்வர் எடுத்தாலும் கூகுள் கிளவுட் பொதுவாக 25-ஐத் திறந்து விடாது, அமேசான் கேட்டால்தான் திறக்கும். அதனால் மென்பொருளில் இருந்து மெயில் அனுப்ப 587 அல்லது 465 போர்ட் வழியாக, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, பூட்டிய (என்க்ரிப்ஷன் உள்ள) இணைப்பில்தான் போக வேண்டும். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கு. இணைப்பு வரவில்லை என்றதும் என்க்ரிப்ஷன் இடத்தில் ஒன்றும் வேண்டாம் என்று மாற்றி, ஏதோ ஒரு வழியில் ஓட வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பாஸ்வேர்டு திறந்தபடியே வலையில் போகிறது.

வழி ஒன்றும் கடினமில்லை. தினமும் கொஞ்சம் மெயில் மட்டும் போகிற கம்பெனிக்கு, டொமைன் பெயரில் கூகுள் ஒர்க்ஸ்பேஸோ, மைக்ரோசாஃப்ட் 365-ஓ, ஜோஹோ மெயிலோ எடுத்து அதில் மென்பொருளுக்கென்றே ஒரு தனிக் கணக்கு வைத்தால் போதும். ஒர்க்ஸ்பேஸில் ஒரு கணக்குக்கு ஒரு நாள் வரம்பு 2,000. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்து உள்ளே போகும் பழைய முறையை இந்தப் பெரிய நிறுவனங்கள் படிப்படியாக மூடி வருகின்றன, அதனால் பாஸ்வேர்டை மென்பொருளிடம் கொடுக்காமலே அனுமதி தரும் ஓஆத் முறையை உங்கள் மென்பொருள் ஏற்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அதிகமாக அனுப்புகிறவர்கள் இன்வாய்ஸ் மாதிரியான மெயிலுக்கென்றே இருக்கும் சேவைகளைப் பார்க்கலாம், நம் தமிழ்நாட்டு ஜோஹோவின் ஜெப்டோமெயில் இருக்கிறது, அமேசான் எஸ்இஎஸ் இருக்கிறது. எஸ்இஎஸ்ஸில் அடிப்படைக் கட்டணம் ஆயிரம் மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட். ஒரு கூரியர் அனுப்பும் காசில் பல ஆயிரம் மெயில் போகும். இவற்றில் இன்னொரு நன்மை, எது திரும்பி வந்தது, எந்த முகவரி தப்பு என்று தனித்தனியாகக் காட்டுவார்கள்.

மென்பொருளுக்குள்ளும் பார்க்க வேண்டியது உண்டு. ஓடூ என்ற ஈஆர்பியில் வெளிச்செல்லும் மெயில் சர்வர் என்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே டெஸ்ட் கனெக்‌ஷன் அழுத்தி வெற்றி என்று வந்ததும் பலர் அந்தப் பக்கத்தையே மறந்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை சர்வரோடு பேச முடிகிறதா என்று பார்க்கும், மெயில் எதையும் அனுப்பிப் பார்க்காது. அப்புறம் அதில் விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவர் கொட்டேஷன் அனுப்பினால் அவருடைய முகவரியே அனுப்புநராகப் போகும், அவர் பயனர் விவரத்தில் தன் சொந்த ஜிமெயிலைக் கொடுத்திருந்தால் மெயில் ஜிமெயில் பெயரில் நம் சர்வர் வழியாகக் கிளம்பி, போன இடத்தில் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகும். எந்த டொமைன் முகவரி எந்த சர்வர் வழியாகப் போகலாம் என்று வடிகட்டும் கட்டம் அங்கேயே இருக்கிறது, அதை நிரப்ப ஒரு நிமிடம் ஆகாது. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்டிலும் வெளியே அனுப்பும் இயல்புக் கணக்கு எது என்று குறிக்க வேண்டும், டேலி பிரைமிலும் மெயில் சர்வர் விவரத்தை நாமே கொடுக்கலாம். எந்த மென்பொருளாக இருந்தாலும் பதில் எந்த முகவரிக்கு வரும், அதை யார் தினமும் திறந்து பார்ப்பார் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

தீபாவளி, பொங்கல் வந்தால் வாழ்த்தும் புது விலைப்பட்டியலும் சேர்த்துப் பழைய பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பும் வழக்கம் இருக்கிறது. ஆசையாகத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வாங்குகிறவர்களில் சிலர் ஸ்பாம் என்று அழுத்துவார்கள், அந்தப் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்று கூகுள் சொல்கிறது, அதாவது ஆயிரத்தில் மூன்று பேர் அழுத்தினாலே போச்சு. வாழ்த்தால் கெட்ட பெயர் அதே டொமைனில் போகும் இன்வாய்ஸையும் பிடித்துக்கொள்ளும். வாழ்த்துக்கும் விளம்பரத்துக்கும் ஒரு தனித் துணை டொமைன் வைத்து, அதற்குத் தனி சர்வர் கொடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் முதலாளிகள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "பில்லை வாட்ஸ்அப்ல போட்டுறலாமுங்க, எதுக்குங்க இத்தனை?" உள்ளூர் வியாபாரத்துக்கு வாட்ஸ்அப் போதும், நானும் மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பையரின் அக்கவுண்ட்ஸ் துறையும், நம் பம்பையும் காஸ்டிங்கையும் வாங்கும் பெரிய கம்பெனிகளும் பில்லை ஒரு குறிப்பிட்ட மெயில் முகவரிக்குத்தான் கேட்கிறார்கள், அங்கே வராத பில் அவர்களைப் பொறுத்தவரை வராத பில்தான். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடத்து எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் 43பி எச் என்ற பிரிவு வந்தது. சட்டப்படி நாள் எண்ணுவது சரக்கை ஏற்றுக்கொண்டதில் இருந்து. நடைமுறையில் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் துறை எண்ணுவதோ பில் கைக்கு வந்த நாளில் இருந்து. ஸ்பாமில் மூன்று வாரம் கிடந்த இன்வாய்ஸுக்காக யாரும் பெரிய வாடிக்கையாளரிடம் போய்ச் சட்டம் பேச மாட்டார்கள், வட்டியைத் தானே கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். 2023 ஆகஸ்ட்டில் இருந்து ஆண்டு விற்றுமுதல் 5 கோடி தாண்டியவர்களுக்கெல்லாம் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிவிட்டது. அரசுத் தளத்தில் பில்லைப் பதிந்து ஐஆர்என் என்ற எண் வாங்கி, க்யூஆர் போட்டு, விதிப்படி எல்லாம் செய்த பில் கடைசி அடியில் மெயிலில் நின்றுபோவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

மோசடியையும் சொல்லியாக வேண்டும். பையருக்கும் ஏற்றுமதியாளருக்கும் நடுவில் புகுந்து, கம்பெனி பெயரிலேயே புரொஃபார்மா இன்வாய்ஸ் அனுப்பி, வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவிடுகிற வேலை உலகம் முழுக்க நடக்கிறது. டிமார்க்கை மறுப்பு நிலையில் வைத்தால், நம் டொமைன் முகவரியை அப்படியே போட்டு அனுப்பும் போலி மெயிலை அந்த விதியை மதிக்கும் சர்வர்கள் வாங்காது. ஒரு எழுத்தை மட்டும் மாற்றி வேறு டொமைன் வாங்கி அனுப்பினால் இது தடுக்காது, யாராவது ஒருவருடைய பாஸ்வேர்டு திருடு போயிருந்தாலும் தடுக்காது. அதனால் வங்கி விவரம் மாறியதாக மெயில் வந்தால் ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று பையரிடமும் சொல்லி வையுங்கள், பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். ஆனால் யாரும் எடுத்த எடுப்பில் மறுப்பு நிலையைப் போட்டுவிடாதீர்கள். முதலில் கவனிக்கும் நிலையில் சில வாரம் விட்டு, வரும் அறிக்கையைப் படித்தால்தான், வெப்சைட்டின் விசாரணைப் படிவம், சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், ஸ்கேன் செய்து மெயில் போடும் ஜெராக்ஸ் மெஷின் என்று நம் டொமைன் பெயரில் யார் யாரெல்லாம் அனுப்புகிறார்கள் என்பது தெரியும். அவற்றை ஒழுங்கு பண்ணிவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

இத்தனையும் செய்வதற்குத் தேவை டிஎன்எஸ்ஸைத் திறக்கும் உரிமை. அங்கேதான் நம் ஊர்க் கம்பெனிகள் பெரும்பாலும் தடுக்கி நிற்கின்றன. டொமைனை யார் பெயரில் பதிந்தீர்கள் என்று கேட்டால், "அது அந்த வெப்சைட் தம்பி பாத்துக்குவாருங்க" என்பார்கள். அந்தத் தம்பி இப்போது பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார், எண் மாறியிருக்கும், டொமைன் அவருடைய கணக்கில், அவருடைய மெயிலில், அவருடைய கார்டில் இருக்கும். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் புதுப்பிக்க மறந்தால் கம்பெனியின் மெயில் மொத்தமும் ஒரே நாளில் நின்றுவிடும், கெடு முடிந்த டொமைனை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு நம் பெயரில் வரும் மெயிலை எல்லாம் படிக்கலாம். நிலப் பத்திரத்தை யாரும் வேறு ஒருவர் வீட்டில் வைப்பதில்லை, டொமைனை மட்டும் வைக்கிறோம். இன்றைக்கே கேட்டு வாங்கிக் கம்பெனிப் பெயருக்கு மாற்றுங்கள், மெயில், பாஸ்வேர்டு, புதுப்பிக்கும் தேதி மூன்றும் முதலாளியிடம் இருக்கட்டும்.

மென்பொருள் விற்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மெயில் ஏற்பாட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள், ஒப்பந்தத்தில் ஒரு தனி வேலையாக எழுதுங்கள், அதற்குக் காசு வாங்குங்கள், தப்பில்லை. வாங்குகிறவர்களும் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். மென்பொருளில் இருந்து ஒரு உண்மையான இன்வாய்ஸை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி ஷோ ஒரிஜினல் என்பதைப் பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராகப் பாஸ் என்று இருக்க வேண்டும், டிகிம் வரியில் உங்கள் டொமைன் பெயர் இருக்க வேண்டும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேலை முடியவில்லை.

ஜிஎஸ்டி வந்தபோது நம் தொழில் சங்கங்கள் கூட்டம் போட்டு, ஆளை உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். கோவையில் கொடிசியா, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், கரூரிலும் ஈரோட்டிலும் உள்ள சங்கங்கள் இந்த விஷயத்துக்கும் அப்படி ஒரு முகாம் நடத்தலாம். உறுப்பினர்கள் லேப்டாப்போடு வரட்டும், டொமைன் பாஸ்வேர்டோடு வரட்டும், அங்கேயே உட்கார்ந்து மூன்று வரியையும் எழுதி, சோதித்துவிட்டுப் போகட்டும். பீளமேட்டில் பிஎஸ்ஜி, பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி என்று நெட்ஒர்க் பாடம் படிக்கும் பிள்ளைகள் நம்மைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிட்டால் வருவார்கள், புத்தகத்தில் படித்தது ஒரு கம்பெனியில் எப்படி ஓடுகிறது என்று அவர்களும் பார்ப்பார்கள். முகாம் எங்கே நடந்தாலும் நான் வந்து உதவத் தயார், கட்டணம் எதுவும் வேண்டாம். உங்கள் தொழில் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரையும், முகாம் முடிவானால் அந்தத் தேதியையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொழில் மென்பொருள் நிறுவும் வாசகர்,
அவிநாசி.